சோடா கம்பெனிக் கொல்லையில் சனிக்கிழமைகள்

கல்யாணமாகி நீடாமங்கலத்துக்கு வந்த புதிதில் எனக்கு அந்த ஊரில் எதுவுமே பிடிக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா வேலை. ஸ்டேஷனுக்குப் பின்னால் இரண்டு அறை குவார்ட்டர்ஸ். நான் பிறந்து வளர்ந்தது திருக்காட்டுப்பள்ளி. அங்கே தெருவைத் தாண்டினால் காவிரி. இங்கே ஜன்னலைத் திறந்தால் கரி என்ஜின் புகை. காயப்போட்ட வெள்ளை வேட்டி சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும்.

அவரும் அதிகம் பேசாதவர். கேட்டதற்குப் பதில் சொல்வார், அதுவும் தலையசைப்பில் முடிந்துவிடுமென்றால் வாயைத் திறக்கமாட்டார். கல்யாணமாகி ஒரு மாதம் இருக்கும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர், சட்டையைக் கழற்றாமலே நின்றுகொண்டு கேட்டார்.

"சோடா குடிக்கப் போவோமா?"

வயிறு சரியில்லையோ என்று நினைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் சோடா என்பது கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவர்கள் ஏப்பம் விடுவதற்குக் குடிப்பது. அதற்கென்று புடவை மாற்றிக்கொண்டு ஒருத்தி கிளம்புவாளா? ஆனாலும் மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

கடைத்தெரு முடிகிற இடத்தில் இருந்தது அந்தச் சோடா கம்பெனி. கம்பெனி என்றால் ஓட்டுக் கட்டடம் ஒன்று, அதற்குள் கேஸ் ரொப்புகிற மெஷின் ஒன்று, கழுத்தில் கோலி உருளும் பச்சைப் பாட்டில்கள் பெட்டி பெட்டியாக. பன்னீர் சோடா, ஜிஞ்சர், ஆரஞ்சு கலர் எல்லாம் அங்கேயே தயாராகும். முதலாளிக்கு ஐஸ் கட்டி தஞ்சாவூரிலிருந்து மத்தியான வண்டியில் மரத்தூள் பெட்டியில் வரும். அந்தப் பார்சலை உருகுவதற்குள் இறக்கிக் கொடுப்பவர் என் வீட்டுக்காரர். அப்படித்தான் இரண்டு பேருக்கும் பழக்கம்.

நாங்கள் வாசலில் நின்றபோது பின்னாலிருந்து ஒரு பெண் பாடுவது கேட்டது. சினிமாப் பாட்டுத்தான். ஆனால் ரேடியோ இல்லை. கூடவே தபலாவும் ஆர்மோனியமும் அக்கார்டியனும் நேரில் வாசிக்கிற சத்தம் காதில் வந்து மோதியது. என்ன குரல் அது! பாலில் கற்கண்டைப் போட்டுக் கலக்குகிற மாதிரி.

"பொம்பளைங்களா பாடுறாங்க இங்க?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "வந்து பாரேன்."

கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போனோம். பெரிய கீற்றுக் கொட்டகை. பெஞ்சுகளில் நாற்பது ஐம்பது பேர், ஒவ்வொருவர் கையிலும் ஒரு பாட்டில். எதிரே செங்கல் அடுக்கிப் பலகை போட்ட மேடை. மேடையில் பெண் யாரும் இல்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் நின்றார். ஆறடி உயரம், கன்னத்தைத் தொடுகிற மீசை, தோளில் துண்டு, கணுக்காலில் இன்னும் காயாத சேறு. வாயைத் திறந்தால் இருபது வயதுப் பெண்ணின் குரல் வந்தது.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பெஞ்சு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் ஒரு எழுத்தும் பிசகாமல் பாட்டை முடித்துவிட்டு, நேரே என்னிடம் வந்தார்.

"ஏங்க, பாட்டுல எதுவும் தப்பாயிடுச்சா?" பேசும்போது குரல் கரகரவென்று ஆண் குரல்.

"இல்லைங்க. பாடுறவங்க எங்க இருக்காங்கன்னு தேடினேன். நீங்கன்னு தெரிஞ்சதும் சிரிப்பு வந்துடுச்சு. மன்னிச்சுக்குங்க."

"பரவால்லைங்க. மொத தடவ எல்லாரும் சிரிப்பாங்க. ரெண்டாவது தடவ கண்ண மூடிக்கிட்டுக் கேப்பாங்க" என்றார். "எங்க அம்மா நடவுக்குப் போறப்ப என்னையும் வரப்புல விட்டுட்டுப் பாடுவாங்க. கூடவே பாடிப் பாடி இந்தக் குரல் தங்கிப்போச்சு."

பக்கத்துக் கிராமத்தில் விவசாயக் கூலி அவர். அடுத்த பாட்டுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் கையில் என் வீட்டுக்காரர் எப்போது ஜிஞ்சரைக் கொடுத்தார் என்றே தெரியவில்லை.

அதன்பிறகு சனிக்கிழமை என்றால் எங்களுக்கு அந்தக் கொல்லைதான். சாயங்காலம் தொடங்கி விளக்கு வைத்துச் சற்று நேரத்துக்கெல்லாம் முடிந்துவிடும். பாட்டுக்குக் கட்டணம் கிடையாது. ஆளுக்கு ஒரு பாட்டிலாவது குடிக்க வேண்டும், அவ்வளவுதான். முதலாளி கரை வேட்டிக் கட்சிக்காரர். ஒவ்வொரு நிகழ்ச்சியையும் பொதுக்கூட்டம் மாதிரிதான் ஆரம்பிப்பார். "அலைகடலெனத் திரண்டிருக்கும் அருமைப் பெரியோர்களே, தாய்மார்களே!" என்பார். தாய்மார்கள் என்று அங்கே இருந்தது நான் ஒருத்தி. நானும் அப்போது தாயாகியிருக்கவில்லை. சில வாரம் கழித்து ஸ்டேஷன் மாஸ்டர் சம்சாரமும் தபால் ஆபீஸ்காரர் தங்கையும் வர ஆரம்பித்ததும்தான் அவருடைய பன்மைக்கு அர்த்தம் வந்தது.

முதலாளி வைத்திருந்த ஒரே சட்டம், பல்லவி பாடும்போது சோடா உடைக்கக் கூடாது. கோலியை அழுத்தினால் 'டுப்' என்று சத்தம் வரும், பாட்டு கெட்டுவிடும். தாகத்தில் யாராவது கேட்டால், "பல்லவி முடியட்டுங்க, ஒடைக்கிறேன்" என்பார். பல்லவி முடிந்த அடுத்த நொடி கொட்டகையில் நாலாபக்கமும் டுப் டுப்பென்று கேட்கும். தபலாக்காரர் அதையும் தாளத்தில் சேர்த்துக்கொள்வார்.

அந்தக் காலத்தில் ஊரில் பல டீக்கடைகளில் கிளாஸ் இரண்டு விதம். கூலிக்காரர் தெருவிலிருந்து வருகிறவர்களுக்குத் தனி கிளாஸ், குடித்துவிட்டு அவர்களே கழுவிக் கவிழ்க்க வேண்டும். சோடா கம்பெனியில் அது கிடையாது. ஒருமுறை தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இதில் யார் யார் வாய் வைத்தார்களோ என்று இழுத்தார். முதலாளி மேடைத் தமிழையெல்லாம் விட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லா பாட்டிலும் ஒரே தொட்டியில கழுவுறதுதாங்க. வேணாம்னா வீட்டுல மோர் இருக்கும், போய்க் குடிங்க." பெரியவர் கொஞ்சநேரம் முறைத்துக்கொண்டு நின்றார். அதற்குள் மீசைக்காரர் பாட ஆரம்பித்துவிட்டார். பெரியவர் உட்கார்ந்தார், குடித்தார்.

மதுவிலக்கை எடுத்த சமயம் அது. எதிர்ச் சாரியில் ஒரு கள்ளுக்கடை வந்தது. முதலாளி பயந்துபோனார், கூட்டம் அங்கே போய்விடும் என்று. போகத்தான் செய்தது. ஆனால் பாட்டு ஆரம்பித்ததும் தள்ளாடிக்கொண்டே திரும்பி வந்தது. கள் குடித்தவர்களுக்கென்று கடைசி இரண்டு பெஞ்சை ஒதுக்கினார். அங்கிருந்துதான் அதிகமாகக் கண்ணீர் வந்தது, ஒவ்வொரு சோகப் பாட்டுக்கும்.

குழுவில் அக்கார்டியன் வாசித்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்தைந்து வயது இருக்கும், கண்ணாடி போட்டவர், கும்பகோணம் காலேஜில் பி.ஏ. முடித்துவிட்டுப் பண்ணையைப் பார்த்துக்கொள்ள வந்தவர். அவருடைய அப்பா மிராசுதார். மீசைக்காரர் வேலை செய்தது அவர்கள் நிலத்தில்தான். பினாங்கிலிருந்து மாமா கொண்டுவந்து கொடுத்த அக்கார்டியன் அது. முத்துப் பதித்த மாதிரி மின்னும். மேடையில் மற்ற எல்லோருக்கும் ஜமுக்காளம், அவருக்கு மட்டும் நாற்காலி. அவர் கேட்டு வாங்கியதில்லை, யாரோ கொண்டுவந்து போடுவார்கள். மீசைக்காரர் மைக்கிலேயே, "சின்னய்யா, ஆரம்பிங்க" என்பார். சின்னய்யா தலையசைத்துவிட்டு ஆரம்பிப்பார். பெண் குரல் ஒரு அடியை முடிக்கும் முன்பே அக்கார்டியன் அதைக் கையில் வாங்கிக்கொள்ளும். இரண்டும் ஒரே நெஞ்சிலிருந்து மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கும்.

அடுத்த வருஷம் தை மாதம். சம்பா அறுப்புக்கு வயலெல்லாம் மஞ்சளாகி நின்ற நேரத்தில் வேலைநிறுத்தம் வந்தது. கூலி நெல்லை உயர்த்திக் கேட்டு விவசாயத் தொழிலாளர்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்கள். வரப்பெல்லாம் செங்கொடி. எங்கள் மீசைக்காரர்தான் அவர்கள் கிராமத்தில் சங்கத்துக்கு முன்னால் நின்றவர். மிராசுதார்கள் விட்டுக்கொடுக்கவில்லை. வெளியூரிலிருந்து ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒரு காலை அந்த லாரியை மறித்துப் பெண்களும் ஆண்களும் ரோட்டில் உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்து அடித்தது. மீசைக்காரரோடு பல பேரைப் பிடித்துத் திருச்சி ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் ஸ்டேஷனில்தான் ரயிலேற்றினார்கள். என் வீட்டுக்காரர் பிளாட்பாரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து, சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

லாரி வந்தது அந்தப் பண்ணைக்குத்தான், சின்னய்யாவின் அப்பா பண்ணைக்கு.

அந்தச் சனிக்கிழமை சோடா கம்பெனி திறந்திருந்தது. மேடையில் தபலாக்காரரும் ஆர்மோனியக்காரரும் மட்டும். கூலிக்காரர் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. மிராசுதார் வீட்டுப் பிள்ளைகளும் வரவில்லை. தபலாக்காரர் தானே இரண்டு பாட்டுப் பாடிப் பார்த்தார். கள்ளுக்கடை பெஞ்சுகூட அழவில்லை. அடுத்தடுத்த வாரம் கூட்டம் இன்னும் குறைந்தது. ஒரு சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் முதலாளியும்தான். அப்போது நான் ஆறு மாதம். ஜிஞ்சர் சோடாவைத் தவிர எதுவும் வயிற்றில் தங்காது. முதலாளி உடைத்துக் கொடுத்தார், நான் குடித்தேன். பல்லவி இல்லாததால் எப்போது வேண்டுமானாலும் உடைக்க முடிந்தது.

"மூடிடலாம்னு பாக்குறேம்மா" என்றார். "சோடா மட்டும் விக்கிறதுக்கு இந்தக் கொட்டகை எதுக்கு?"

மீசைக்காரரின் மனைவி ஜெயிலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரும்போது ஸ்டேஷனில் இறங்குவார். ஒருநாள் என் வீட்டுக்காரர் அவரைக் குவார்ட்டர்சுக்கு அழைத்து வந்தார். காப்பி போட்டுக் கொடுத்தேன். களைத்துப்போயிருந்தார். ஆனால் சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்.

"அங்கயும் பாடச் சொல்றாங்களாம்க்கா. வார்டருங்க எல்லாம் வந்து நின்னு கேக்குறாங்களாம். ஒருத்தரு புதுசா வந்தவரு, ஆம்பள ஜெயில்ல பொம்பளைய எப்புடி விட்டீங்கன்னு கத்திட்டாராம்."

மூன்று பேரும் சிரித்தோம். பிறகு அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வீட்டில் நெல் இல்லை, பக்கத்து வீடுகளிலும் இல்லை என்பதை அவர் சொல்லவில்லை. கிளம்பும்போது கொஞ்சம் அரிசி முடிந்து கொடுத்தேன். வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டார்.

அதே வாரத்தில்தான் என் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். அன்று சாயங்காலம் வந்ததும் தானாகவே பேச்சை ஆரம்பித்தார், அதுவே அதிசயம்.

"சின்னய்யா வந்திருந்தார், பார்சல் ஆபீசுக்கு."

"எதுக்கு?"

"அக்கார்டியன மெட்ராசுக்கு அனுப்பணுமாம். அங்க ஒரு கடையில வித்துத் தரேன்னு சொல்லியிருக்காங்களாம். இனிமே இத வாசிக்கப் போறதில்லைன்னார்."

"புக் பண்ணிட்டீங்களா?"

"இல்ல. பேக்கிங் சரியில்லைன்னு சொல்லிட்டேன். வழியில ஒடஞ்சா ரயில்வே பொறுப்பில்ல, தனியா மரப்பெட்டி செஞ்சு, உள்ள வைக்கோல் வச்சுக் கொண்டாங்கன்னேன்."

"பேக்கிங் அவ்வளவு மோசமா?"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். "ஆசாரி பொட்டி செய்யறதுக்குப் பத்து நாளாவது ஆகும். யோசிக்கட்டுமே."

ரூல் புத்தகத்தை விட்டு இம்மியும் நகராத மனிதர் அவர். அன்றைக்கு நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு நல்ல இடத்தில்தான் கல்யாணம் ஆகியிருக்கிறது என்று முதன்முதலாகத் தோன்றியது அன்றைக்குத்தான்.

பிறகு மன்னார்குடி தாலுகா ஆபீசில் பேச்சுவார்த்தை நடந்தது. அதிகாரிகள், சங்கத்தார், மிராசுதார்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசினார்கள். கேட்ட அளவு கிடைக்கவில்லை, ஆனால் கூலி உயர்ந்தது. பிடித்துப்போனவர்களை விட்டார்கள். நின்றுபோன அறுப்பு நடந்தது, முற்றின கதிர் கொட்டினது கொட்டினதுதான்.

அதற்கடுத்த சனிக்கிழமை கொல்லை நிரம்பிவிட்டது. ஆனால் பழைய கூட்டம் மாதிரி இல்லை. கூலிக்காரர் தெரு இடது பக்கம், நிலக்காரர்கள் வலது பக்கம், நடுவில் ஒரு பெஞ்சு காலி. எங்களுக்கு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. அந்த நடு பெஞ்சிலேயே உட்கார்ந்தோம்.

மீசைக்காரர் வந்தார். இளைத்திருந்தார், மீசை மட்டும் அப்படியே. மேடைக்குப் போகாமல் இடது பக்கம் தன் ஆட்களோடு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் சின்னய்யாவும் வந்தார். சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு வலது பக்கக் கடைசியில் உட்கார்ந்தார். சைக்கிள் கேரியரில் கயிறு போட்டுக் கட்டிய புது மரப்பெட்டி. அதைப் பார்த்து என் வீட்டுக்காரர் என் கையை அழுத்தினார். மெட்ராசுக்கு அனுப்பக் கொண்டுவந்தாரா, வாசிக்கக் கொண்டுவந்தாரா என்று யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

யாரும் அசையவில்லை. முதலாளி "பெரியோர்களே" என்று தொடங்கிவிட்டு மேலே என்ன சொல்வதென்று தெரியாமல் நிறுத்திவிட்டார். எனக்கு இடுப்பு வலி. முதுகு சாய பெஞ்சில் இடமில்லை. வாயில் வந்துவிட்டது.

"அண்ணே, பாடப் போறீங்களா இல்லையா? என்னால ரொம்ப நேரம் உக்கார முடியாது!"

எங்கோ ஒருவர் சிரித்தார். பிறகு நிறையப் பேர். மீசைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து மேடையேறினார். தபலா, ஆர்மோனியம் எல்லாம் சேர்ந்துகொண்டன. மைக்கைப் பிடித்தார். ஆனால் பாடவில்லை. காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்தார், பிறகு வலது பக்கக் கடைசியைப் பார்த்தார்.

"தம்பி" என்றார் மைக்கில். "வாங்க. உங்க எடம் காலியாக் கெடக்கு."

சின்னய்யா என்று சொல்லவில்லை. கொட்டகையில் இருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டது. ஒருவர் கையிலிருந்த பாட்டிலில் கோலி உருண்ட சத்தம்கூட எனக்குக் கேட்டது. வலது பக்கத்தில் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். சின்னய்யாவின் முகம் சிவந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டுக்கொண்டார்.

"வர்றேண்ணே" என்றார்.

என் வீட்டுக்காரர் எப்போது எழுந்து வாசலுக்கு ஓடினார் என்று நான் கவனிக்கவில்லை. பார்க்கும்போது சைக்கிள் கேரியரில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். பெட்டியைத் திறந்து, வைக்கோலைத் தள்ளி, அக்கார்டியனைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கி மேடைக்குக் கொண்டுபோய், நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்த சின்னய்யாவிடம் கொடுத்தார். அதில் ஒட்டியிருந்த வைக்கோல் தூசியை ஊதிவிட்டு அந்தப் பிள்ளை வாசிக்க ஆரம்பித்தது. எழுந்து நின்ற இரண்டு பேரில் ஒருவர் போய்விட்டார். இன்னொருவர் கொஞ்ச நேரம் நின்றபடியே கேட்டார், அப்புறம் உட்கார்ந்தார்.

அன்றைக்கு என்ன பாடினார்கள் என்று வரிசையாக எனக்கு நினைவில்லை. முதல் பாட்டில் மீசைக்காரர் குரல் இரண்டு இடத்தில் தடுமாறியது, அந்த இரண்டு இடத்திலும் அக்கார்டியன் கொஞ்சம் உரக்க ஒலித்து அதை மூடியது. அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அவர்கள் சிநேகிதர்கள் ஆகிவிட்டார்கள் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆகவில்லை. அடுத்த தையிலும் கூலிப் பேச்சு வந்தது. இருவரும் எதிர் எதிரே உட்கார்ந்து கடுமையாகவே பேசிக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த வாரச் சனிக்கிழமையும் பாட்டு நடந்தது. ஒருநாள் இடைவேளையில் மீசைக்காரரிடம் கேட்டுவிட்டேன், வயலிலும் தம்பிதானா என்று.

"வயல்ல இன்னும் வாய் வரலைங்க, ரெண்டு பேருக்குமே" என்றார். "அவரும் அண்ணன்னு கூப்புடுறதில்ல, நானும் தம்பிங்கிறதில்ல. சின்னய்யாவும் இல்ல. 'இந்தாங்க', 'ஏங்க'ன்னு ஓடிக்கிட்டிருக்கு."

எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. கைக்குழந்தையோடு ஒரு வருஷம் போல அந்தக் கொல்லைக்குப் போனோம். பிறகு இவருக்குப் பட்டுக்கோட்டைக்கு மாற்றல் வந்தது. தூரத்திலிருந்து செய்திகள்தான் கிடைத்தன. மிராசுதார் காலமான பிறகு பிள்ளை நிலத்தில் ஒரு பகுதியை விற்றுவிட்டுத் தஞ்சாவூரில் வீடு கட்டிக்கொண்டார். மீசைக்காரர் பஞ்சாயத்து மெம்பரானார். மூடி போட்ட கம்பெனி பானங்கள் ஊருக்கு வந்ததும் கோலிச் சோடா விழுந்துவிட்டது. முதலாளி மெஷினை விற்றுவிட்டு மைக் செட் வாடகைக்கு விடுகிறார் என்று ஸ்டேஷன் மாஸ்டர் சம்சாரம் எழுதியிருந்தாள்.

ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை, கொல்லையில் கூட்டம் கொஞ்சம் முன்னதாகவே கலைந்துவிட்டது. மழை வருகிற மாதிரி இருந்தது. முதலாளி வழிக்கென்று இரண்டு பன்னீர் சோடாவை உடைக்காமல் பையில் போட்டுக் கொடுத்தார். தண்டவாளத்தை ஒட்டிய பாதையில் குவார்ட்டர்சுக்கு நடந்தோம். குழந்தை அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. வயல் பக்கமிருந்து ஈரக்காற்று. பக்கத்தில் ஏதோ முனகல் சத்தம் கேட்டது. குழந்தையோ என்று பார்த்தேன். இவர்தான். கடைசியாகக் கேட்ட பாட்டின் பல்லவியை அடித்தொண்டையில் பாடிக்கொண்டு வந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பாடி நான் கேட்டதில்லை. சுருதி சேரவே இல்லை. நான் சிரிக்கவில்லை. குழந்தைதான் விழித்துக்கொண்டு, தலையைத் தூக்கி, அப்பாவின் வாயையே பார்த்தது.